மானியப் பணத்தில் லாபி செய்யக் கூடாது

அமெரிக்காவில் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சி மானிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வுத் திட்டத்தை நன்றாக எழுதினால் பணம் வந்துவிடும் என்று புதிதாகச் சேரும் பேராசிரியர்கள் பலரும் நினைக்கிறார்கள். முதலில் அந்தப் பணம் மத்திய பட்ஜெட்டில் இருக்க வேண்டுமே! அதற்காக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் ஆதரவு கேட்கத்தான், அதாவது லாபி செய்யத்தான், பல்கலைக்கழகங்கள் வாஷிங்டனில் ஆள் வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அங்கே தனி அலுவலகமே உண்டு.

நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கும் என்பதால், கேட்கும் வேலை வசந்த காலத்திலேயே ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் சந்திப்பது காங்கிரஸ் உறுப்பினரை அல்ல, அவருடைய உதவியாளரை. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு வேண்டும், தொகுதிக்கு என்ன பயன் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். 2011-இல் நிறுத்தப்பட்ட 'இயர்மார்க்' முறை (உறுப்பினர் கேட்கும் குறிப்பிட்ட திட்டத்துக்குப் பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்குவது) 2021-இல் திரும்பிய பிறகு, ஆய்வகக் கருவி போன்றவற்றுக்குத் தொகுதி உறுப்பினர் மூலம் நேரடியாகவும் கேட்கலாம்.

இப்படிக் கேட்பதில் தவறே இல்லை; கேட்காமல் இருப்பதுதான் மாணவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் யார் பணத்தில் கேட்கிறோம் என்பது முக்கியம்.

2025 பிப்ரவரியில், மருத்துவ ஆய்வுக்கு மானியம் தரும் மத்திய அரசு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனம், மானியங்களின் மறைமுகச் செலவுக்கு (கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்றவை) 15 சதவீத உச்சவரம்பு அறிவித்தது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்போது, அரசியல் பக்கமே எட்டிப் பார்க்காத ஆய்வாளர்கள்கூடப் பேசக் கிளம்பினார்கள். நல்லது. ஆனால் கணக்கில் கவனம் வேண்டும். மாநாட்டுக்காக மானியச் செலவில் வாஷிங்டன் போகிறீர்கள். மறுநாள் செனட்டர் அலுவலகத்துக்குப் போய், ஆராய்ச்சி நிதியைக் கூட்டச் சொல்லிக் கேட்கிறீர்கள். சரி, அந்த மறுநாளின் ஓட்டல் வாடகை, டாக்ஸி, சாப்பாடு எதையும் மானியத்தில் எழுதக் கூடாது. அன்றைய சம்பளமும் அதில் சேராது. பில்லை அன்றன்றே பிரித்து வையுங்கள். தணிக்கை வரும்போது யாருக்கும் நினைவிருக்காது. பல்கலைக்கழகத்தின் பெயரில் பேசப் போவதாக இருந்தால், அரசு உறவுகள் அலுவலகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கட்டணம் கட்டும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஒரு விஷயம். 1995-ஆம் ஆண்டின் லாபி வெளிப்படைச் சட்டம், மாநில அரசின் மற்ற ஊழியர்களுக்குத் தரும் விலக்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் தரவில்லை. லாபிக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவிட்டால் பதிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். செனட்டின் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் செலவு, மசோதா, லாபி செய்தவர் பெயர் எல்லாம் கிடைக்கும். எந்த உறுப்பினரைச் சந்தித்தார்கள் என்பது மட்டும் இருக்காது. அதைப் பல்கலைக்கழகத்திடம்தான் கேட்க வேண்டும்.