மகளிர் உரிமைத் தொகை: தகுதி விதிகளை மெய் அட்டவணையில் வைத்துப் படிப்பது எப்படி?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இதற்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில் தொடங்கி வைத்தார். பின்னாளில் சில தளர்வுகள் அறிவிக்கப்பட்டன என்றாலும், 2023இல் அறிவிக்கப்பட்ட அடிப்படை விதிகளே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

21 வயது நிறைந்திருப்பதோடு மூன்று பொருளாதார வரம்புகளும் நிறைவேற வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குக் கீழ் என்பதை ‘அ’ என்றும், நிலம் வரம்புக்குள் உள்ளது என்பதை ‘ஆ’ என்றும், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவு என்பதை ‘இ’ என்றும் குறித்துக்கொள்வோம். கூற்றுகள் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாகக் காட்டுவதே மெய் அட்டவணை. ஒவ்வொரு கூற்றும் மெய் அல்லது பொய் என்பதால், மூன்றுக்கும் சேர்த்து 2×2×2 = 8 வரிசைகள் வரும். வரிசை எதுவும் விட்டுப்போகாமலிருக்க, ‘அ’ நிரலில் (மேலிருந்து கீழாக வரும் பத்தியில்) நான்கு மெய், நான்கு பொய் என்றும், ‘ஆ’ நிரலில் இரண்டிரண்டாக மாற்றியும், ‘இ’ நிரலில் ஒன்றுவிட்டு ஒன்றாகவும் நிரப்ப வேண்டும். மூன்றும் ‘மற்றும்’ என்ற சொல்லால் இணைவதால், மூன்றும் மெய்யாக உள்ள முதல் வரிசை மட்டுமே தகுதி தரும். வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இரண்டு மாத மின் கணக்கீடு சராசரியாக 600 யூனிட்டைத் தொட்டுவிட்டால் தகுதி போய்விடும்.

சிக்கல் ‘ஆ’வில்தான் இருக்கிறது, ஏனெனில் அதுவே ஒரு கூட்டுக் கூற்று. நன்செய் 5 ஏக்கருக்குக் குறைவு (ந) அல்லது புன்செய் 10 ஏக்கருக்குக் குறைவு (பு) என்பது விதி. பாலக்கோடு பக்கம் கிணற்றுப் பாசன நன்செய் 2 ஏக்கரும், ராகி விதைக்கும் மேட்டுப் புன்செய் 12 ஏக்கரும் உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்.

ந | பு | ந அல்லது பு | ந மற்றும் பு
மெய் | மெய் | மெய் | மெய்
மெய் | பொய் | மெய் | பொய்
பொய் | மெய் | மெய் | பொய்
பொய் | பொய் | பொய் | பொய்

அக்குடும்பம் இரண்டாம் வரிசையில் நிற்கிறது. தருக்கத்தின் ‘அல்லது’ ஒன்று மெய்யானாலே மெய்யாகும் என்பதால், எழுத்துப்படி அவர்கள் வரம்புக்குள் வருவார்கள். அப்படிப் படித்தால் நன்செய் ஒரு சென்ட் கூட இல்லாமல் 50 ஏக்கர் புன்செய் வைத்திருப்பவரும் உள்ளே வந்துவிடுவார். உச்சவரம்பு வைப்பதன் நோக்கம் அதுவாக இருக்க முடியாது. ஆகவே ‘ந மற்றும் பு’ என்ற நான்காம் நிரலை நம்பி விண்ணப்பிப்பதே பாதுகாப்பு.

வருமான வரி செலுத்துவோர், அரசு ஊழியர், சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், டிராக்டர் போன்ற வாகனம் வைத்திருப்போர் முதலியோரை விலக்கும் விதிகளில், ‘அல்லது’ சரியாகவே பொருந்துகிறது. ஒன்று மெய்யானாலே விலக்கு. அந்த ‘அல்லது’ கூற்றைப் பொய் என்று மறுத்தால் ‘எதுவுமே இல்லை’ என்றாகும். கார் இருந்தால் தகுதியில்லை என்பதிலிருந்து, கார் இல்லாவிட்டால் தகுதி உண்டு என்பது பெறப்படாது. “எங்கள் வீட்டில் காரே இல்லையே” என்று வாதிடுவோர் இதைத்தான் கவனிப்பதில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் குறுஞ்செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி தரப்பட்டது. எந்தக் கூற்று பொய் என்று பதிவாகியிருக்கிறதோ அதற்குரிய ஆவணத்தையே, அதாவது நிலம் என்றால் பட்டா, சிட்டாவையும், மின்சாரம் என்றால் ஓராண்டு மின் கணக்கீட்டையும், முதலில் எடுத்து வைக்க வேண்டும்.