தள்ளுவது அயனி, தாங்குவது எலக்ட்ரான்

கோவையில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்காரரிடம் மின்சாரத்தால் அயனிகளை வீசி விண்கலத்தைத் தள்ளும் ஹால் உந்துபொறியைப் பிரித்துக் கொடுத்தால், செம்புக் கம்பிச் சுற்றுகளைப் பார்த்ததுமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார். பீங்கான் சுவர் கொண்ட வளையப் பள்ளம் ஒன்றின் குறுக்கே காந்தப்புலத்தை உண்டாக்குவதுதான் அந்தக் காயில்களின் வேலை. மோட்டாரில் அசையாத ஸ்டேட்டருக்கும் சுழலும் ரோட்டருக்கும் இடையே அரை டெஸ்லாவுக்கு (காந்தப்புல அலகு) மேல் இருக்கும் புலம், இங்கே சுமார் 0.02 டெஸ்லாதான். அந்தச் சொற்ப அளவே போதும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பள்ளத்தின் அடியில் நேர்மின்வாயும், வெளியே எலக்ட்ரான்களை உமிழும் எதிர்மின்வாயும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 300 வோல்ட். உள்ளே பாய வரும் எலக்ட்ரானைக் காந்தப்புலம் மறித்துவிடுவதால், அது ஒரு மில்லிமீட்டர் அளவே ஆரமுள்ள சுழலில் சிக்கி, நேர்மின்வாயை எட்ட முடியாமல், வளையத்தையே நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றிவருகிறது. பள்ளத்துக்குள் விடப்படும் செனான் வாயுவில் வழியில் அகப்படும் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட 12.1 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போதும், அணு அயனியாகிவிடும். எலக்ட்ரானைவிட 2,40,000 மடங்கு கனமான அந்த அயனியின் சுழல் ஆரமோ ஒரு மீட்டரைத் தாண்டும். சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள பள்ளத்தில் அது வளைய இடமில்லை. நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வெளியேறுகிறது.

அயனி பின்னால் போவதால் கலம் முன்னால் போகிறது என்று பாடநூல் பாணியில் இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அந்த எதிர்விசை கலத்தின் உடம்பில் எங்கே விழுகிறது? அயனிகளை வெளியே தள்ளும் மின்புலம், எலக்ட்ரான்களை ஏறக்குறைய அதே விசையோடு உட்பக்கம் இழுக்கிறது. அவையோ காந்தப்புலத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. ஆகவே வளையமாக ஓடும் அவற்றின் மின்னோட்டம் காயில்களையும் இரும்பு மையத்தையும் தள்ளுகிறது. ரோட்டரைச் சுழற்றுவதும் இதே விசைதான். கடத்தியின் இடத்தில் இங்கே எலக்ட்ரான் கூட்டம் இருக்கிறது. அளவு என்னவோ குறைவு: ரஷ்யாவின் எஸ்பிடி-100 பொறி தருவது 80 மில்லிநியூட்டன் சொச்சம், அதாவது எட்டு கிராம் எடையைத் தாங்கும் விசை.

எலக்ட்ரான்களை முழுக்க அடைத்து வைக்கவும் கூடாது. மின்னோட்டம் தொடர வேண்டுமானால் கொஞ்சம் நேர்மின்வாய்க்குக் கசிந்தே ஆக வேண்டும். ஆனால் அணுக்களோடு மோதித் தடம் மாறுவதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வருவதைவிடப் பல மடங்கு கசிகின்றன; அவ்வளவும் வீண்செலவு. சுவரில் மோதித் திரும்புவது ஒரு காரணம். சுற்றும் வேகத்தாலேயே, எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த பிளாஸ்மாவில் எழும், மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள மெகாஹெர்ட்ஸ் அலைகள் அவற்றைத் தடம் புரட்டுவது இன்னொன்று. இதுவே வலுவான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கணினி மாதிரிகள் பலவற்றில் இந்தக் கசிவுக்கான எண்ணைச் சோதனை முடிவுக்கு ஏற்பத் திருத்தித்தான் போடுகிறார்கள். தாளில் போட்ட கணக்கை மட்டும் நம்பிப் பொறியை அனுப்ப முடியாததால், வெற்றிட அறையில் நாள்கணக்கில் ஓட்டிப் பார்ப்பது தவிர்க்க முடியாததாகிறது. 2025 மார்ச்சில் இஸ்ரோ தன் 300 மில்லிநியூட்டன் பொறியை அப்படித்தான் 1000 மணி நேரம் ஓட்டி முடித்தது.