31 மெகாஜூல் சூட்டை எங்கே கொட்டுவது?

டென்வர் நகரத்துக்குக் கடல் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் அங்கே வீட்டு வாசல்களில் படகுகள் நிற்கும். கோடை வந்துவிட்டால் குடும்பத்தோடு எஸ்யூவியில் ஏறி, பின்னால் படகு டிரெய்லரை மாட்டிக்கொண்டு, ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே கிளம்பிவிடுவார்கள். சுமார் 110 கிலோமீட்டரில் டிலன் நீர்த்தேக்கம் வந்துவிடும். டென்வரின் குடிநீருக்காக 1963-இல் அணை கட்டி உருவாக்கிய ஏரி அது. தூரம் ஒன்றும் பெரிதில்லை. நடுவில் ராக்கி மலைத்தொடர் நிற்கிறது, அவ்வளவுதான்.

டென்வர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரத்தில். மலையைக் குடைந்து செல்லும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 3,401 மீட்டரில். நம் தொட்டபெட்டா உச்சிக்கு மேல் இன்னும் 760 மீட்டர் ஏறினால் அந்த உயரம் வரும். சுரங்கத்தைத் தாண்டியதும் சாலை மடமடவென்று இறங்கி ஏரிக்குப் போகிறது.

படகு வாங்குகிறவர் முதலில் கேட்பது, ‘என் வண்டி இழுக்குமா?’ என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஏழு மீட்டர் ஃபைபர் படகு ஒன்றின் எடை விளம்பரத்தாளில் 1,500 கிலோ என்று இருக்கும். அது வெறும் படகு. டிரெய்லர் ஒரு 500 கிலோ, டேங்கில் 150 லிட்டர் பெட்ரோல் ஒரு 110 கிலோ, பேட்டரி, நங்கூரம், ஐஸ்பெட்டி, கயிறு என்று சேர்த்தால் 2,300 கிலோவைத் தொட்டுவிடும். ஆட்களோடு எஸ்யூவி 2,200 கிலோ. ஆக மொத்தம் நாலரை டன்.

ஆறு சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 80 கிலோமீட்டரில் இந்த நாலரை டன்னை ஏற்ற சுமார் 80 குதிரைத்திறன் வேண்டும். டயர் உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் இன்னொரு 25. ஆக 105. இன்றைய 3.5 லிட்டர் வி6 என்ஜின் 290 வரை தரும். தாராளம் என்று தோன்றும்.

தோன்றுவது கடல்மட்டத்துக் கணக்கு. சுரங்கத்து உயரத்தில் காற்றின் அடர்த்தி 70 சதவீதம்தான். காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போ இல்லாத என்ஜினுக்கு மூச்சு வாங்கும். 290 என்பது 200 சொச்சமாகிவிடும். அந்த 200-ம் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து, என்ஜின் உச்ச வேகத்தில் அலறும்போது வருவது. எனவே கியர் தானாகவே கீழே இறங்கி நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் உறுமிக்கொண்டே ஏறும். உள்ளே இருப்பவர்கள் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியதில்லை, அது அப்படித்தான் ஏற வேண்டும். கவனிக்க வேண்டியது சூட்டை. என்ஜின் 80 கிலோவாட் வேலை செய்தால், ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டர் வெளியே தள்ளியாக வேண்டும். மெலிந்த காற்று அந்த வெப்பத்தையும் குறைவாகத்தான் அள்ளிக்கொண்டு போகும். போதாக்குறைக்கு கியர்பாக்ஸ் ஆயிலும் கொதிக்கும். முள் சிவப்பை நோக்கி நகர்ந்தால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போடு என்பது பழைய ஓட்டுநர்களின் வைத்தியம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே.

அமெரிக்காவில் ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதை ஜே2807 என்ற தரநிலையின்படி அளக்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் 18 கிலோமீட்டர் ஏற்றம் ஒன்று இருக்கிறது. 38 டிகிரி வெயில், ஏசி முழு வேகத்தில், மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகாமல் ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்த ஏற்றம் போய் முடியும் இடம் 1,100 மீட்டர்கூட இல்லை. டென்வர்க்காரரின் வாசல்படி அதைவிட உயரம்! சில வண்டிகளின் கையேடுகள் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் இழுவை எடையை 2 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

சரி, ஏறியாயிற்று. ஏற்றத்தில் ஏதாவது தவறினால் வண்டி ஓரமாக நின்று புகை விடும், மிஞ்சிப்போனால் லாரி வந்து இழுத்துப்போகும். இறக்கத்தில் அந்தச் சலுகை இல்லை.

சுரங்கத்தின் மேற்கு வாயிலிலிருந்து கீழே சில்வர்தார்ன் ஊர் வரை 13 கிலோமீட்டரில் சாலை சுமார் 700 மீட்டர் இறங்குகிறது. இடையில் 7 சதவீதச் சரிவும் உண்டு. நாலரை டன்னை 700 மீட்டர் இறக்கினால் 31 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படும். எட்டரை யூனிட் மின்சாரம். பத்தே நிமிடத்தில். 2 கிலோவாட் கீசர்கள் 26-ஐ ஒன்றாகப் போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டது போல. அதில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் தின்றுவிடும். மீதி 20 மெகாஜூல்?

முழுவதையும் எஸ்யூவியின் பிரேக் தலையில் கட்டினால் என்ன ஆகும் பாருங்கள். நான்கு டிஸ்க்குகளும் சேர்ந்து 40 கிலோ இரும்பு என்று வையுங்கள். 20 மெகாஜூல் அந்த இரும்பை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கப் போதுமானது. ஓடும்போது காற்று குளிர்விப்பதால் அவ்வளவு தூரம் ஏறாது. ஏற வேண்டிய அவசியமும் இல்லை, அதற்கு வெகு முன்பே பிரேக் கைவிட்டுவிடும். முதலில் டிஸ்க்கைக் கவ்வும் பேடுகளின் பிடிமானம் குறையும். அப்புறம் பிரேக் ஆயில். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் சாமான். ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்த கால் பொசுக்கென்று தரை வரை போகும், வண்டி நிற்காது.

எனவே சூட்டை என்ஜினிடம் கொடுக்க வேண்டும். கல்லட்டி மலைப்பாதையில் இறங்குகிறவர்களை இரண்டாம் கியரில் போகச் சொல்வது இதற்காகத்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் நின்றுவிடும். சக்கரம் என்ஜினைச் சுற்றும். மூடிய த்ராட்டிலுக்கு, அதாவது என்ஜினுக்குள் காற்றை விடும் கதவுக்கு, பின்னால் பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்கும். கியர் எவ்வளவு கீழோ அவ்வளவு பிடிப்பு. மிச்சத்துக்கு மட்டும் பிரேக்: வேகம் எல்லையைத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து, மணிக்கு 8 கிலோமீட்டர் குறைந்ததும் காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். இலேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்குவதுதான் பிரேக்கைக் கருக்கும்.

படகு டிரெய்லரில் இதற்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டிய டிரெய்லர் என்பதால் சக்கரத்தில் மின் பிரேக் வைக்கத் தயங்குவார்கள். பதிலாக, கொக்கியில் மாட்டும் கப்ளரே முன்னும் பின்னும் சறுக்கும். வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் முட்டும். அந்த முட்டு ஒரு சிலிண்டரை அமுக்கி டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். ஒயர் வேண்டாம், ஸ்விட்ச் வேண்டாம், அருமையான ஏற்பாடு. சமதளத்தில். நீண்ட இறக்கத்தில் நீங்கள் ஒழுங்காக என்ஜின் பிரேக்கிங்கில் வந்தாலும், டிரெய்லர் விடாமல் முட்டிக்கொண்டே இருக்கும், அதன் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. மலைக்காரர்கள் பலர் கூடுதல் காசு கொடுத்து, மின்சாரத்தால் இயங்கும் பம்பு வைத்த ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறுவதற்கு இதுவே காரணம்.

இறக்கத்தின் இன்னொரு தொல்லை வாலாட்டம். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். டிரெய்லருக்கு முன்பாரம் வேண்டும்; மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் உட்கார்ந்தால் நல்லது. பின்பாரமானால் சின்னக் காற்றுக்கும் டிரெய்லர் இடம் வலமாக ஆடத் தொடங்கும், வேகம் கூடக்கூட ஆட்டம் அடங்காமல் வளரும். படகின் கனமான மோட்டார் வாலில் தொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், கொக்கியின் மேல் உட்காரும் 230 கிலோவும் எஸ்யூவியின் சுமைதான். 600 கிலோ தாங்கும் வண்டியில் ஐந்து பேர் 350 கிலோ என்றால், பெட்டி படுக்கைக்கு மிஞ்சுவது 20 கிலோ.

ஒருவழியாக ஏரி. படகை இறக்கும் சரிவுப்பாதையில் டிரெய்லரை அப்படியே பின்னுக்குத் தள்ளித் தண்ணீரில் விடத் தோன்றும், பிள்ளைகளும் அவசரப்படுத்துவார்கள். ஆனால் மலை இறங்கிய சூடு இன்னும் சக்கரக் குடத்தில் இருக்கிறது. உருகிய பனியால் நிறைந்த ஏரியில் அதை முக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை பேரிங்குக்குள் உறிஞ்சிவிடும். குடத்தில் கை வைத்துப் பார்த்து, சூடு ஆறும் வரை கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.