டம்ளர் தண்ணீரில் ஒரு மண் கட்டி

தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடலோரக் கிராமம். வெள்ளம் ஊருக்குள் வராமல் தடுக்க, ஆள் உயரத்துக்கு ஒரு மண் அணை போட்டிருந்தார்கள். ஐப்பசியில் முதல் பெருமழை. தண்ணீர் பாதி உயரம்கூட ஏறவில்லை, கரை உடைந்துவிட்டது.

"எலி வளை சார்" என்றார்கள். இருக்கலாம். ஆனால் எனக்குச் சந்தேகம் மண் மேல்தான். உடைப்பில் சுண்டைக்காய் அளவு கட்டி ஒன்றை எடுத்து, டம்ளரில் பிடித்த மழைத் தண்ணீரில் மெதுவாகப் போட்டேன். கலக்கவே இல்லை. சில நிமிடங்களில் கட்டியைச் சுற்றிப் புகைபோலக் கலங்கல் பரவியது.

உவர் மண். அந்தக் காலத்தில் துணி வெளுக்க எடுத்தார்களே, அந்த வகைதான். சோடியம் மிகுந்த களிமண் நல்ல தண்ணீர் பட்டதும் துகள் துகளாகப் பிரிந்துவிடும். கோடையில் விழுந்த வெடிப்பில் தண்ணீர் புகுந்தால் போதும், உள்ளுக்குள்ளேயே குடைந்துகொண்டு போகும். இதே சோதனையை உப்புத் தண்ணீர் வரும் போர்வெல்லில் பிடித்துச் செய்தால் கட்டி கலங்காமல் இருந்து ஏமாற்றிவிடும். உப்பு துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நம் கடலோரத்தில் பல போர்வெல்களில் உப்புத்தான், அதனால் மழைத் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

மண் தேறவில்லை என்றால் வேறு இடத்து மண்ணுக்குப் போவது நல்லது. வழியே இல்லையென்றால் ஜிப்சம் கலக்கலாம், அளவை மண் பரிசோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஜேசிபியால் அள்ளிக் கொட்டி மேலே ஓட்டிவிட்டுப் போவது கரை ஆகாது. ஒரு சாண் கனத்துக்கு மண் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி, அப்புறம்தான் அடுத்த அடுக்கு. கரை மேல் சீமைக்கருவேலத்தையும் வளர விடாதீர்கள். வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்குக் குழாய்.

மழை நாளில் கரையின் அடிவாரத்தை, தண்ணீர் நிற்காத ஊர்ப் பக்கமாக நடந்து பாருங்கள். தெளிந்த கசிவு எல்லா மண் கரையிலும் கொஞ்சம் இருக்கும். கலங்கலாக வந்தால் கரையின் மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் டீட்டன் மண் அணையில் காலையில் சேற்றுநீர் கசிந்தது. நண்பகலுக்குள் அணையே போய்விட்டது. அது 90 மீட்டருக்கு மேல் உயரம்!

கரை அடிவாரத்துத் தரையில் ஊற்று கிளம்பினால் அதன் வாயில் களிமண்ணை வைத்து அடைக்காதீர்கள், பக்கத்தில் பீறிக்கொள்ளும். சுற்றிலும் மணல் மூட்டையை வளையமாக அடுக்கி உள்ளே தண்ணீரை ஏறவிட்டால் வேகம் குறையும். கலங்கல் நிற்காவிட்டால் தாழ்வான தெருக்காரர்களைக் கிளப்பிவிட்டு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு அழையுங்கள்.