ரியர் செட் மாட்டுறதுக்கு முன்னாடி பின் பிரேக் ராட ஒரு தடவ குனிஞ்சு பாருங்க

ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட், ராஜ்தூத் 350 இந்த மாதிரி வண்டிய கஃபே ரேசர் (பழைய ரேஸ் வண்டி ஸ்டைல்) ஆக்கணும்னு பட்டறைக்கு வர்ற பசங்க மொதல்ல கேக்குறது ரெண்டே ஐட்டம் தான், கிளிப் ஆன் ஹேண்டில்பார் (கீழ இறக்கி மாட்டுற ஹேண்டில்பார்), அப்புறம் ரியர் செட். அதாவது கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்ட இருக்குற இடத்துலருந்து பின்னாடி கொஞ்சம் மேல தூக்கி வைக்கிறது. போட்டோல பாத்துட்டு வந்துடுறாங்க, "அண்ணா இத மாதிரியே ரெண்டு பிளேட் வெட்டி மாட்டி குடுங்க, எவ்ளோ ஆகும்"னு கேக்குறாங்க. பிளேட் வெட்டுறது பெரிய வேலையே இல்ல தம்பி, லேசர் கட்டிங்ல குடுத்தா சாயங்காலத்துக்குள்ள கைல வந்துரும். ஆனா ஃபுட்ரெஸ்ட் பின்னாடி போனா அதோட சேந்து பிரேக் பெடலும் கியர் லிவரும் பின்னாடி போகணுமே, அதத்தான் யாரும் யோசிக்கிறது இல்ல. என்னப் பொறுத்தவரைக்கும் ரியர் செட் வேலைங்கிறது பிரேக் வேலை, ஃபுட்ரெஸ்ட் அதுல ஒரு சின்ன பாகம், அவ்ளோதான்.

இது எதுக்கு வந்துச்சுனு ரெண்டு வரி. 1950, 60கள்ல இங்கிலாந்துல ஸ்பீடா ஓட்டுற பசங்க ரேஸ் வண்டிய பாத்து ஹேண்டில்பார இறக்குனாங்க, உடம்பு முன்னாடி சாயுதுல்ல, அதுக்கு ஏத்த மாதிரி கால் பின்னாடி போச்சு, வளைவுல சாய்க்கும்போது ஃபுட்ரெஸ்ட் தரையில உரசாம இருக்க கொஞ்சம் மேலயும் போச்சு. ராயல் என்ஃபீல்டு 1964லயே கான்டினென்டல் ஜிடினு 250 சிசில ஒரு வண்டிய அந்த ஸ்டைல்ல விட்டாங்க. நம்ம ஊர்ல 2013ல வந்த ஜிடி 535க்கும் கம்பெனியே கால பின்னாடி தள்ளி தான் குடுத்தாங்க, ஆனா அதுக்கு பின்னாடி டிஸ்க் பிரேக். ஆயில் ஹோஸ் எப்படி வளைஞ்சாலும் பிரேக் மாறாது. நம்ம ஆர்எக்ஸ்ல இருக்குறது டிரம்மும் ஒரு இரும்பு ராடும். இந்த ஒரு வித்தியாசத்துல தான் எல்லா பிரச்சனையும் ஆரம்பிக்குது.

போன மழை சீசன்ல ஒரு தம்பி ஆர்எக்ஸ் 100 கொண்டு வந்தாரு, வேற எங்கயோ ரியர் செட் போட்டது, பாக்க சும்மா சொல்லக்கூடாது நல்லா பளபளன்னு பண்ணிருந்தாங்க. கம்ப்ளெயின்ட் என்னன்னா "தனியா போனா ஒன்னும் இல்லண்ணா, பின்னாடி ஆள் உக்காந்து பள்ளத்துல இறங்குனா வண்டிய யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு". மொதல்ல கேட்ட மெக்கானிக் பிரேக் ஷூ மாத்திருக்காரு, அப்புறம் வீல் பேரிங் மாத்திருக்காரு, சரியாகல. நான் வண்டிய சென்டர் ஸ்டாண்ட்லருந்து இறக்கி ரெண்டு பேர சீட்ல உக்கார வச்சு பெடல கையால அமுக்கி பாத்தேன், ஃப்ரீ ப்ளே, அதாவது பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பெடல் சும்மா ஆடுற அளவு, சுத்தமா இல்ல. ஆள இறக்கி விட்டு மறுபடி பாத்தா ஒரு இஞ்ச் ஆடுது. ஷூவும் பேரிங்கும் பாவம் என்ன பண்ணும்.

காரணம் இதுதான். ஸ்விங் ஆர்ம், அதாவது பின் சக்கரத்த பிடிச்சிருக்குற கை, ஃபிரேம்ல ஒரு பிவட்ட (அச்ச) சுத்தி மேல கீழ ஆடுது, பின் சக்கரமும் டிரம் பிளேட்டும் அதோட சேந்து ஆடுது. கம்பெனி வச்ச பெடல்ல பிரேக் ராடு ஆரம்பிக்கிற இடம் அந்த பிவட்டுக்கு பக்கத்துலயே இருக்கும், அதனால சக்கரம் எவ்ளோ ஆடுனாலும் ராடுக்கு தேவையான நீளம் பெருசா மாறாது. ரியர் செட்ல பெடல் பின்னாடி போயிடுது, ராடு குட்டி ஆயிடுது, அது ஆரம்பிக்கிற இடம் பிவட்ட விட்டு தள்ளி போயிடுது. ஒரு கணக்கு சொல்றேன், ஸ்விங் ஆர்ம் 450 மில்லி நீளம், ராடு ஆரம்பிக்கிற இடம் பிவட்லருந்து 150 மில்லி பின்னாடி, பிவட்டையும், ராடோட மறு முனை மாட்டுற டிரம் லிவரையும் சேக்குற கோட்டுக்கு கொஞ்சம் கீழனு வச்சுக்கோங்க, ஆர்ம் ஒரு 8 டிகிரி மேல ஏறுனா அந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இருக்குற தூரம் கிட்டத்தட்ட 5 மில்லி கூடிடுது. ராடு ரப்பர் இல்லயே நீளுறதுக்கு, அதனால டிரம் லிவர இழுக்கும், அதாவது நீங்க கால் வைக்காமயே பிரேக் பிடிக்கும். பழைய டிரம் வண்டிக்கு பெடல் முனையில 20லருந்து 30 மில்லி ஃப்ரீ ப்ளே வைப்போம், ராடு பக்கம் பாத்தா அது 5, 6 மில்லி தான், அப்போ மொத்தமும் காலி. பெடல கோட்டுக்கு மேல தூக்கி வச்சிருந்தா இதுவே தலைகீழ், வெயிட் ஏறும்போது பிரேக் லூஸ் ஆகும், கரெக்டா நீங்க பிரேக் அடிக்க வேண்டிய நேரத்துல பெடல் ஆழமா இறங்கும். ரெண்டுல எது மோசம்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியல.

நான் பண்றது என்னன்னா பழைய பெடல் இருந்த பிவட்ட கழட்டாம அங்கயே ஒரு சின்ன லிவர் வைக்கிறது, பின்னாடி இருக்குற புது பெடல்லருந்து ஒரு ராடு முன்னாடி வந்து அந்த லிவர தள்ளும், அந்த லிவர்லருந்து கம்பெனி ராடு பழையபடி டிரம்முக்கு போகும். வேலை கூட, ஜாயின்ட் கூட, பாக்கவும் அவ்ளோ நீட்டா இருக்காது, சில பேர் இத பாத்துட்டு மூஞ்சிய சுளிக்கிறாங்க. வேணாம்னா கேபிள் போடலாம், ஆனா அவுட்டர் (வெளி உறை) இருக்குற கேபிள், அவுட்டரோட ஒரு முனை ஃபிரேம்லயும் இன்னொரு முனை டிரம் பிளேட்லயும் நிக்கணும், அப்போ ஸ்விங் ஆர்ம் ஆடுறது பிரேக்க பாதிக்காது. சும்மா ஒரு கம்பிய இழுத்து கட்டுறது கேபிள் பிரேக் ஆகாது, அதையும் பாத்துட்டேன்.

இன்னொன்னு பெடல் நீளம். பழைய பெடல் பிவட்லருந்து கால் படுற இடம் வரைக்கும் 200 மில்லி, ராடு மாட்டுற கை 50 மில்லினு வச்சா நீங்க குடுக்குற பலம் நாலு மடங்கா போகும். ரியர் செட் பெடல் குட்டியா அழகா இருக்கணும்னு 110 மில்லில பண்ணி கை 45 மில்லி விட்டா ரெண்டரை மடங்கு கூட வராது. ஏற்கனவே முன்னாடியும் டிரம், பின்னாடியும் டிரம் இருக்குற வண்டி அது. பிரேக் போதலனு ஷூ கம்பெனிய திட்டிட்டு இருப்பீங்க. அப்புறம் பிரேக் லைட் ஸ்விட்ச், அது பழைய பெடல்ல ஒரு ஸ்பிரிங்ல தொங்கிட்டு இருக்கும், பெடல கழட்டும்போது அதையும் சுருட்டி ஃபிரேம்ல டேப் அடிச்சு விட்டுடுறாங்க, பின்னாடி வர்ற லாரிக்காரனுக்கு நீங்க நிக்கிறது எப்படி தெரியும்?

கியர் பக்கம் அவ்ளோ ஆபத்து இல்ல, எரிச்சல் தான் ஜாஸ்தி. லிவர ஸ்ப்லைன்ல (கியர் ஷாஃப்ட் முனையில இருக்குற பல்லுல) கழட்டி அப்படியே பின்னாடி பாக்க திருப்பி போட்டா கியர் தலைகீழா விழும். பழைய ரைட் சைடு கியர் புல்லட்ல மேல ஒன்னு கீழ மூணு இருக்குறது, திருப்பி போட்டா கீழ ஒன்னு மேல மூணு ஆயிடும், சில பேருக்கு அது புடிக்குது, ஆனா வண்டிய வேற ஆள் வாங்கி ஓட்டுனா என்ன ஆகும்னு யோசிங்க. ராடு வச்சு பண்ணா கியர் ஷாஃப்ட்ல இருக்குற கையும் புது லிவரோட கையும் ஒரே பக்கம் பாக்கணும், ரெண்டும் மேல இல்லனா ரெண்டும் கீழ, அப்போ தான் கியர் விழுற வரிசை தலைகீழா மாறாது. ராடு ரெண்டு கையோடயும் கிட்டத்தட்ட 90 டிகிரில நிக்கணும். ரோஸ் ஜாயின்ட் (ராடு முனையில மாட்டுற பால் ஜாயின்ட்) நல்லதா வாங்குங்க, சீப்பானது சீக்கிரமே ஆட ஆரம்பிச்சிடும், அப்புறம் கியர் பாதியில நிக்கும், எனக்கு கிளட்ச் போச்சுனு வருவீங்க.

ஆர்எக்ஸ் 100க்கு செல்ஃப் கிடையாது, கிக்கர் மட்டும் தான், அது இருக்குறது ரைட் சைடு, பிரேக் பெடலும் ரைட் சைடு, சைலன்சரும் ரைட் சைடு. ஃபுட்ரெஸ்ட் மடங்குற டைப் போட்டாலும் பெடல் மடங்காதுல்ல, கிக்கர் முழுசா கீழ இறங்குதானு பிளேட்ட ஃபைனல் பண்றதுக்கு முன்னாடியே அட்டையில வெட்டி வச்சு பாத்துக்கணும். மடங்காத ஃபுட்ரெஸ்ட் போடவே போடாதீங்க, சாய்க்கும்போது தரையில குத்துனா வண்டியையே தூக்கி போட்ரும்.

எங்க மாட்டுறதுங்கிறது இன்னொரு தலைவலி. சில பழைய வண்டிகள்ல பின்னாடி உக்கார்றவங்க கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் ஸ்விங் ஆர்ம்லயே இருக்கும், அந்த ஓட்டையில ரியர் செட்ட மாட்டுனா உங்க காலு சக்கரத்தோட சேந்து குதிக்கும், கியர் ராடு பள்ளத்துக்கு பள்ளம் தானா தள்ளும். மாட்டுனா ஃபிரேம்ல தான் மாட்டணும். ஒரே ஒரு கிளாம்ப்ல நிக்க வச்சா வெயிட் பட பட அது பைப்ப சுத்தி திரும்பிடும், ரெண்டு இடத்துல பிடிப்பு வேணும். ஸ்பீடு பிரேக்கர்ல நாம எந்திரிச்சு நிப்போம்ல, அப்ப மொத்த உடம்பும் அந்த ரெண்டு ஃபுட்ரெஸ்ட் பெக் மேல தான் நிக்குது. பிளேட் அலுமினியம்னா 6061 டி6ல 8 மில்லிக்கு கொறையாம, போல்ட்டு 8.8 கிரேடு, நைலான் நட்டு, இது நான் வச்சிருக்குற கணக்கு. ஃபிரேம்ல வெல்டிங் வைக்கணும்னா பழைய பைப் உள்பக்கம் துரு ஏறி மெலிஞ்சிருக்கும், தட்டி பாத்து சத்தம் சரியில்லனா நான் செய்ய மாட்டேன்னு சொல்லிடுவேன், கோவிச்சுக்கிட்டு போனவங்களும் உண்டு. வெல்டிங் வைக்கும்போது பேட்டரி கனெக்‌ஷன கழட்டிடுங்க.

சட்டம் பத்தியும் கேக்குறாங்க. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதியா சொல்லிடுச்சு. ரியர் செட் மாதிரி ஐட்டத்த ரோட்ல நிறுத்தி யாரும் பெருசா பாக்குறது இல்லங்கிறது உண்மை தான், ஆனா ஆக்சிடென்ட்னு ஒன்னு ஆகி இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தா கண்டிப்பா பாப்பாரு. இன்னொன்னு, பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி, சேலை மாட்டாம இருக்க போடுற கார்டு, இது மூணும் மத்திய மோட்டார் வாகன விதி 123ல கட்டாயம். பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் இருந்த இடத்துல நம்ம பெக் போயிட்டா பின்னாடி ஆள் ஏத்தவே கூடாது, "கால தொங்க போட்டுக்கோ மச்சான்"லாம் ஆகாது, சக்கரத்துக்குள்ள கால் போன கேஸ் எல்லா ஆர்த்தோ டாக்டர்கிட்டயும் இருக்கும்.

ஏற்கனவே போட்டு ஓட்டிட்டு இருக்கீங்கன்னா இன்னைக்கே ஒரு டெஸ்ட் பண்ணுங்க. பிரேக்க சென்டர் ஸ்டாண்ட்ல வச்சு செட் பண்ணாதீங்க, அப்போ ஸ்விங் ஆர்ம் முழுசா தொங்கிட்டு இருக்கும், அது ரோட்ல இருக்குற நிலை கிடையாது. வண்டிய இறக்கி, மொதல்ல காலியா, அப்புறம் நீங்க மட்டும் உக்காந்து, அப்புறம் பின்னாடி ஒரு ஆளோட, ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தர விட்டு பெடல் ஃப்ரீ ப்ளேய ஸ்கேல் வச்சு அளக்க சொல்லுங்க. மூணு அளவும் அஞ்சாறு மில்லிக்குள்ள இருந்தா ஓகே. அதுக்கு மேல ஓடுச்சுனா ராடு ஆரம்பிக்கிற இடம் தப்பு, நட்ட எவ்ளோ திருப்பி அட்ஜஸ்ட் பண்ணாலும் ஒரு லோடுக்கு சரியாகி இன்னொரு லோடுக்கு தப்பாகும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து டிரம்ம தொட்டும் பாருங்க, பிரேக்க பெருசா தொடாமயே சூடா இருந்தா உரசிட்டு இருக்குனு அர்த்தம்.

கடைசியா, கழட்டுன பழைய பெடல், ராடு, ரிட்டர்ன் ஸ்பிரிங், ஃபுட்ரெஸ்ட் பார் எதையும் பழைய இரும்புக்கு போட்ராதீங்க. பல 100 சிசி வண்டில சைடு ஸ்டாண்டும் அந்த பார்ல தான் இருக்கும். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996லயே நின்னு போச்சு, அப்போ இன்னைக்கு ஓடுற ஒவ்வொரு ஆர்எக்ஸும் 15 வருஷம் தாண்டுனது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்சி ரினியூவலுக்கு ஆர்டிஓ முன்னாடி போய் நிக்கணும். அந்த நேரத்துல ஒரிஜினல் பெடல் செட் தேடி புதுப்பேட்ட முழுக்க அலையுறவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், கெடைச்சாலும் சொல்ற வெலைய கேட்டா ரியர் செட்டே சீப்பா தெரியும். எல்லாத்தையும் கிரீஸ் தடவி ஒரு சாக்குல கட்டி பரண்ல போட்டு வைங்க.