வாஷிங்டன்: ஊர்ப்பேரா, ஆள்பேரா?

கிரிக்கெட் பாக்கிற எல்லாருக்கும் வாஷிங்டன் சுந்தரைத் தெரியும், ஆனா அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா நெறைய பேர் அமெரிக்கா தலைநகரம்னுதான் சொல்வாங்க. உண்மையில அவங்க அப்பா சின்ன வயசுல கஷ்டப்பட்டு கிரிக்கெட் ஆடினப்ப ஸ்கூல் ஃபீஸ், புத்தகம்னு பாத்துக்கிட்ட ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் ஒருத்தரோட பேரு அது, அந்த நன்றிக்குத்தான் மகனுக்கு வச்சாரு. சரி, இந்தப் பேரோட மூலம் எதுன்னு தேடிட்டே போனா அமெரிக்காவையும் தாண்டி வட இங்கிலாந்துல போய் நிக்குது.

அங்க டர்ஹாம் பக்கத்துல வாஷிங்டன்னு ஒரு ஊர் இருக்கு, பழைய எழுத்துல வெஸ்ஸிங்டன். 1183 வாக்குல, ஹார்ட்பர்ன்ங்கிற ஊர்ல நெலம் வச்சிருந்த வில்லியம்ங்கிறவர் அத டர்ஹாம் பிஷப்கிட்ட குடுத்துட்டு பதிலுக்கு இந்த ஊர வாங்கிக்கிட்டாரு. அதுவரைக்கும் வில்லியம் டி ஹார்ட்பர்ன், அதுக்கப்புறம் வில்லியம் டி வெஸ்ஸிங்டன். நெலம் மாறினதும் பேரும் மாறிடுச்சு பாருங்க! 'டி'ன்னா பிரெஞ்சுல 'இந்த ஊர்க்காரர்'னு அர்த்தம், 1066ல பிரான்ஸ் பக்கத்து நார்மன்காரங்க இங்கிலாந்தப் பிடிச்சப்ப கூடவே வந்த வழக்கம். அப்போ அது குடும்பப்பேரே இல்ல, அட்ரஸ் மாதிரிதான். பிள்ளைங்க பேரன்ங்க வேற ஊருக்குப் போயும் அதே பேரு கூடவே போனப்பதான் குடும்பப்பேரா நின்னுச்சு, 'டி'யும் உதிர்ந்துடுச்சு.

சொல்லப் பிரிச்சா ஹ்வாசா + இங் + டூன். ஹ்வாசாங்கிறது ஒரு ஆளு பேரு, 'இங்'னா அவரோட சம்பந்தப்பட்டதுன்னு அர்த்தம். துணி துவைக்கிற 'வாஷ்'க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த 'டூன்'தான். பழைய ஆங்கிலத்துல அது வேலி போட்டு அடைச்ச எடம், அப்புறம் பண்ணை, அப்புறம் ஊரு, இன்னைக்கு நாம சொல்ற 'டவுன்' அதேதான், ஜெர்மன்ல இதே வேர்லேருந்து வந்த 'ட்சவுன்' இன்னமும் வேலியத்தான் குறிக்குது. நம்ம 'பட்டி'யும் இப்படித்தானே, ஆட்டுப்பட்டி மாட்டுப்பட்டின்னா அடைக்கிற எடம், உசிலம்பட்டி கோவில்பட்டின்னா ஊரு. அதனால வாஷிங்டன தமிழ்ல சொல்லணும்னா ஹ்வாசாபட்டி.

இந்த மாதிரி பேர இங்கிலீஷ்ல லொகேஷனல் சர்நேம்ங்கிறாங்க. இருப்பிடக் குடும்பப்பெயர்னு போட்டா இப்ப குடியிருக்கிற எடம்னு தப்பாப் படுது, 'ஊர்வழிக் குடும்பப்பெயர்'தான் சரியா இருக்கும், ஏன்னா எந்த ஊர்லேருந்து வந்தாங்கங்கிறதுதான் விஷயம். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார்னு சங்கப் பாட்டுல வருதே, கிழார்னா உரிமை உள்ளவர், வில்லியமோட 'டி'க்கு அது ரொம்ப பக்கம், ஆனா அந்தப் பேர் குடும்பப்பேரா தலைமுறை தலைமுறையா வரல.

அந்தக் குடும்பத்துல வந்த ஜான் வாஷிங்டன் 1650கள்ல கப்பல் ஏறி வர்ஜீனியா போனாரு, அவரோட கொள்ளுப்பேரன்தான் அமெரிக்காவோட மொத ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். 1791ல தலைநகரத்துக்கு அவர் பேர வச்சாங்க, ஊர்லேருந்து ஆளுக்கு வந்த பேரு திரும்ப ஊருக்கே போயிடுச்சு.

ஆனா இன்னைக்கு அமெரிக்காவுல இந்தப் பேரு யார்கிட்ட இருக்கு தெரியுமா? 2000 சென்சஸ்ல சுமார் 1,63,000 பேருக்கு இதுதான் குடும்பப்பேரு, அதுல பத்துக்கு ஒம்போது பேர் கறுப்பின மக்கள். அடிமையா இருந்தவங்களுக்கு சட்டப்படி குடும்பப்பேரே கெடையாது, விடுதலைக்கப்புறம் நெறைய பேர் தாங்களே ஒண்ணத் தேர்ந்தெடுத்து வச்சுக்கிட்டாங்க. புக்கர்னு ஒரு பையன், அடிமையாப் பொறந்தவன், மொத மொத ஸ்கூலுக்குப் போறான், வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கிறாரு, மத்த பசங்களுக்கெல்லாம் ரெண்டு பேரு இருக்கு, இவனுக்கு ஒண்ணுதான். முறை வந்ததும் பதறாம 'புக்கர் வாஷிங்டன்'னு சொல்லிட்டான். பின்னாடி கறுப்பின மக்களுக்கான டஸ்கிகீ கல்லூரிய வளர்த்தெடுத்த புக்கர் டி. வாஷிங்டன் இவர்தான். வாஷிங்டன்ங்கிறது அம்மா கட்டிக்கிட்டவரோட, அதாவது இவரைப் பெத்த அப்பா இல்லாத வளர்ப்பு அப்பாவோட பேரு, குடும்பப்பேர் இல்ல, கூப்பிடுற பேரு.