பப் என்றால் மதுக்கடையா?

இங்கிலாந்தின் பழைய பப்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'மதுக்கடை' என்றே எழுதிவிடுகிறார்கள். 'பழமையான மதுக்கடையைக் காக்க மக்கள் போராட்டம்' என்று படித்தால், குடிக்க இடம் கேட்டுப் போராடுகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். சொல் பிசகியதால் செய்தியே பிசகிப் போகிறது.

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். யாரும் நுழையலாம் என்று திறந்துவைத்த வீடு. அதற்கு முன்னோடிகள் மூன்று: ஏல் என்ற பார்லி மது தரும் ஏல்ஹவுஸ், திராட்சை மது தரும் டாவர்ன், பயணிக்குப் படுக்கையும் குதிரைக்கு லாயமும் தரும் இன். காலப்போக்கில் எல்லாவற்றுக்கும் பப் என்றே பெயராயிற்று. வேர் இவ்வளவுதான்.

இனி 'கடை'க்கு வருவோம். கடையில் பொருளை வாங்குகிறோம், கிளம்புகிறோம். பப்பில் உட்கார்வதுதான் முக்கியம். ஊர்க்கூட்டமும் அரட்டையும் அங்கேதான். லண்டன் மைடா வேலில் இருந்த கார்ல்டன் டாவர்னை 2015இல் அதன் உரிமையாளர் அனுமதி வாங்காமல் இடித்துத் தள்ளினார். இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டு என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் உத்தரவிட்டது. கட்டி முடித்து 2021இல் திறந்தார்கள். பாட்டில் விற்கும் கடைக்காக எந்த ஊராவது இப்படி மல்லுக்கட்டுமா?

'மதுபான விடுதி' கொஞ்சம் நாகரிகமாகத் தெரிந்தாலும் குழப்பம் அதில்தான் அதிகம். விடுதி என்றாலே தமிழில் தங்குமிடம். ஏல்ஹவுஸில் தங்க இடம் இருந்தாக வேண்டும் என்று இல்லை. தங்க இடம் தருவதே இன்னின் வேலை. லண்டன் சதக்கில் உள்ள ஜார்ஜ் இன், 1676 தீ விபத்துக்குப் பின் அடுத்த ஆண்டே மீண்டும் எழுந்த கட்டடம். முற்றத்தைப் பார்த்த மர மாடங்களும், மேலே அறைகளுமாக இருந்த அதுதான் விடுதி. அந்தச் சொல்லைப் பப்புக்குக் கொடுத்துவிட்டால் இன்னுக்கு என்ன மிஞ்சும்? 'சத்திரம்' என்பார்கள். அதுவும் சரியில்லை. சத்திரம் அறத்துக்காக நடப்பது, இன் காசு வாங்கிக்கொண்டு இடம் தருவது.

'அருந்தகம்' நல்ல சொல்தான். ஆனால் அது பாருக்குப் பொருந்துகிறது. வீடு என்ற பொருள் அதில் இல்லை. அந்தப் பொருளோடு ஒரு வழக்கு நம்மிடமே இருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைச் சொல்லிவரும்போது, 'பலர்புகு மனைப் பலிப்புதவின் நறவுநொடைக் கொடி' என்கிறது. பலர் நுழையும் மனை, அதன் வாசலில் கள் விற்பதைச் சொல்லும் கொடி. பப்ளிக் ஹவுஸ் என்பதும் இதுவேதானே! இங்கிலாந்திலும் இரண்டாம் ரிச்சர்டு காலத்தில், 1393இல், ஏல் விற்பவர் வாசலில் அடையாளம் வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. பப் வாசலில் இன்றும் தொங்கும் படப்பலகைகள் அந்த வழி வந்தவை.

ஆகவே பப்புக்கு 'மதுமனை' என்பதே என் தேர்வு. 'பொதுமனை' சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் அங்கே என்ன கிடைக்கும் என்பது அதில் இல்லை. பேச்சில் பப் என்றே இருக்கட்டும், தப்பில்லை. அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. எதைப் பற்றிய கட்டுரை, குடியைப் பற்றியா கட்டடத்தைப் பற்றியா என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும், 'மதுக்கடை' என்று எழுதக் கை வராது.

அப்புறம், இடப்பெயர்களில் கை வைக்க வேண்டாம். ஜார்ஜ் இன் ஜார்ஜ் இன்னாகவே இருக்கட்டும். 'ஜார்ஜ் விடுதி' என்று எழுதினால், தேடிப் போகிறவருக்கு வழி தெரியாது.